கதிரியக்கம் 'அழிவு' ஆன கதை

கூடங்குளம் பற்றி எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும் 'கதிரியக்க அழிவு' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் துண்டறிக்கைகளிலும் அதே சொல். நிலையற்ற அணுக்கரு தானாகவே துகளையோ கதிரையோ வீசி மாறுவதைச் சொல்லும் 'ரேடியோஆக்டிவ் டிகே' என்பதற்கு இவர்கள் கண்ட தமிழ் இது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிரும்தான். அந்த வேரிலிருந்து 1898இல் கியூரி தம்பதியர் உண்டாக்கிய சொல்லுக்குக் கதிரியக்கம் என்று பெயர் வைத்தோம். நல்ல பெயர். 'டிகே'யின் வேருக்குக் கீழே விழுதல் என்று பொருள். சரி, அது போகட்டும்.

அழிவு என்பதில் என்ன கோளாறு? இங்கே அணு அழிவதே இல்லை. யுரேனியம்-238இன் கரு ஓர் ஆல்பாத் துகளை, அதாவது 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த ஹீலியம் கருவை, வெளியே தள்ளிவிட்டுத் தோரியம்-234 ஆகிறது. பீட்டா என்ற இன்னொரு வகையில் கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, எலக்ட்ரான் ஒன்று வெளியே பாய்கிறது. கார்பன்-14 அப்படித்தான் நைட்ரஜன்-14 ஆகிறது. பதநீர் புளித்துக் கள்ளானால் அதைப் 'பதநீர் அழிவு' என்று நம் பனங்காட்டில் எவராவது சொல்வாரா?

இன்னொன்று. 'புயல் அழிவு', 'வெள்ள அழிவு' என்று பழகிய காது, 'கதிரியக்க அழிவு' என்றதும் கதிரியக்கத்தால் வரும் நாசம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். குமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியத்தில் காலகாலமாக இந்த அணு மாற்றம் தானாக நடந்துகொண்டிருக்கிறது. அதை இந்தப் பெயரில் இடிந்தகரையில் போய்ச் சொன்னால் ஊரே போய்விட்டதா என்று கேட்பார்கள். பயப்படுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொள்ள வேண்டாம்.

'தேய்வு' என்பாரும் உண்டு. அது பரவாயில்லை. ஒரு பொருளின் கதிரியக்கம் நாள்பட நாள்படத் தேய்வது உண்மைதான். ஆனால் தனி அணு தேயாது. மாறும் கணம் வரை அப்படியே இருந்துவிட்டுச் சட்டென்று மாறும். என் ஓட்டு பாடநூலில் உள்ள 'சிதைவு'க்குத்தான். சிதைதல் என்றால் இருந்த கட்டுக் குலைதல். பொருளே இல்லாமல் போயிற்று என்று அதில் தொனிப்பதில்லை.

காமாக் கதிர் வீசும் வகைக்கு மட்டும் 'சிதைவு'ம் ஒட்டாது. சீசியம்-137 பீட்டாவை வீசிப் பேரியம்-137 ஆகிறது. அந்தப் பேரியம் தன்னிடம் மிஞ்சிய ஆற்றலைக் காமாக் கதிராக விடுகிறது. அப்போது தனிமம் மாறுவதில்லை. அதைக் 'காமா உமிழ்வு' என்பதே சரி.

அப்புறம் இந்த 'அரை ஆயுள்', அதாவது இருக்கும் கதிரியக்க அணுக்களில் பாதி மாறிவிட ஆகும் காலம். இரண்டு அரை சேர்ந்தால் முழு ஆயுள் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். சீசியம்-137க்கு அது சுமார் 30 ஆண்டு. அப்படியானால் 60 ஆண்டில் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பு. 'பாதியாகும் காலம்' என்று சொல்லிப் பாருங்கள், குழப்பமே வராது: 30 ஆண்டில் அரை, 60இல் கால், 90இல் அரைக்கால், 120இல் வீசம்.