உலோக இடுப்பு மூட்டிலிருந்து உதிரும் துகள்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக ஒரு பந்தும், அது சுழலும் குழிக்குப் பதிலாக ஒரு கிண்ணமும் பொருத்தப்படுகின்றன. கிண்ணத்தின் உட்புறத்தைப் பிளாஸ்டிக்கால் செய்தால் அது தேய்ந்து, நாளடைவில் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்து மூட்டைத் தளர்த்தும் என்பதால், பந்தையும் கிண்ணத்தையும் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவையிலேயே செய்யும் முறை 2000-களில் பரவலானது. இவ்வகை மூட்டில் தேய்ந்து உதிரும் பொருளின் மொத்த அளவு உண்மையிலேயே குறைவுதான். ஆனால் அத்துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் சிறியவை என்பதால், அளவு குறைந்தும் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. இதன் விளைவை முன்கூட்டியே போதிய அளவு ஆராயவில்லை என்றே சொல்ல வேண்டும்.

உதிர்ந்த துகள்களை உடலின் விழுங்கு செல்கள் உள்வாங்கிக்கொள்கின்றன. கிருமிகளைச் செரிப்பதற்கென அச்செல்களுக்குள் இருக்கும் அமிலப் பைகளில் உலோகம் மெல்லக் கரைய, வெளிப்படும் கோபால்ட் அயனிகள் அந்தச் செல்லையே கொன்றுவிடுகின்றன. எஞ்சிய துகள்கள் மறுபடியும் சிந்தி, அடுத்த செல்லுக்குள் புகுகின்றன. சிலருக்கு ஒவ்வாமையும் சேர்ந்துகொள்கிறது. உலோக அயனிகள் உடலின் புரதங்களோடு பிணையும்போது அவற்றை அந்நியமெனக் கருதும் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றித் திரள்கின்றன. நீர் கோத்து, திசு மடிந்து, புற்றுநோயல்லாத 'போலிக்கட்டிகள்' உருவாகின்றன. மறு அறுவை செய்யும் மருத்துவர் கண்ணில் பல வேளைகளில் படுவது கருஞ்சாம்பல் நிறம் ஏறிய திசுவும் கலங்கிய நீரும்தான். நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் தசைகளும் அழிந்திருந்தால், புது மூட்டு நிலைத்து நிற்பதே கடினமாகிவிடும்.

டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் திரும்பப் பெற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டு இதற்குத் தெளிவான சான்று. உலகெங்கும் சுமார் 93,000 பொருத்தப்பட்டிருந்த அம்மூட்டின் கிண்ணம் ஆழம் குறைந்தது. அதைச் சற்றே செங்குத்தாகப் பொருத்திவிட்டாலும் பந்து விளிம்பில் அழுந்த, இடையிலுள்ள மூட்டுநீர்ப் படலம் விலகி, உலோகமும் உலோகமும் நேரடியாக உரசத் தொடங்கும்.

வலியே இல்லாதவரிடமும் இச்சேதம் இருக்கக்கூடும் என்பதால், இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவுகளைப் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை என்று பிரிட்டன் வரையறுத்தது. உலோகத்தின் நிழல் விழுந்து படம் கெடாதபடி சீரமைத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கப்படுகிறது. கோபால்ட் மிக அதிகமாகும்போது, அரிதாக, இதயத்தசையும் பழுதாகலாம்; 1960-களில் கனடாவின் கியூபெக்கில், நுரை நிலைப்பதற்காகக் கோபால்ட் சேர்த்த பீரை மிகுதியாகக் குடித்தவர்களிடம் இதே பாதிப்பு காணப்பட்டது.

பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தவர்களிடமும் இந்த எதிர்வினை சில வேளைகளில் தோன்றுகிறது. தொடை எலும்புக்குள் இறக்கப்படும் உலோகத் தண்டின் கழுத்தில் உலோகப் பந்து செருகப்படும் இணைப்பில் நிகழும் நுண்ணசைவும் அரிப்பும் அங்கே கோபால்ட்டை வெளிவிடுகின்றன.