ரிப்போட் நல்லா வந்திட்டுதெண்டு குளிசையை நிப்பாட்டாதேங்கோ

யாழ்ப்பாணத்தில பாமசியில நிண்டு மருந்து குடுக்கிற எனக்கு அடிக்கடி காதில விழுற கதை இது: "தம்பி, கொலஸ்ரோல் இறங்கீட்டுது, அந்தக் குளிசை இனி வேண்டாம், மற்றதுகளை மட்டும் தாங்கோ." சந்தோசமாத்தான் சொல்லுவினம், கையில லாப் ரிப்போட்டும் இருக்கும். எனக்குத்தான் பக்கெண்டும். ஏனெண்டால் அந்த நம்பர் இறங்கினதில பெரும்பங்கு குளிசையின்ர வேலை. உடம்பில இருக்கிற கொலஸ்ரோலில கனக்க சாப்பாட்டால வாறேல்ல, எங்கட ஈரலே செய்யிறது, அற்றோவஸ்ரற்றின் மாதிரிக் குளிசையள் அந்தச் செய்கையைத்தான் குறைக்குது, நிப்பாட்டினா சில கிழமையிலயே பழையபடி ஏறீடும், ஏறினது உங்களுக்குத் தெரியவும் வராது. மச்சம் தொடாத சைவக்காரருக்கும் கொலஸ்ரோல் கூடுறது ஈரல் செய்யிறதாலதான்.

ரிப்போட்டில பக்கத்தில அடிச்சிருக்கிற நோமல் அளவு எல்லாருக்கும் பொருந்தாது. ஏற்கனவே ஹார்ட் அற்றாக் வந்தவைக்கும் ஸ்ரென்ற் (அடைபட்ட இருதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய்) வைச்சவைக்கும் கெட்ட கொலஸ்ரோல் (எல்டிஎல்) 55 mg/dL க்கு கீழ நிக்கோணும் எண்டு 2019 இல வந்த ஐரோப்பிய வழிகாட்டல் சொல்லுது. அப்பிடிப்பட்ட ஒருத்தர் 98 ஐப் பாத்திட்டு நிம்மதியா வீட்ட போறது எனக்குப் பெரிய கவலை.

பிறசர் குளிசைக் கதை இதைவிட மோசம். தலை சுத்தினா மட்டும் போடுவினம். பிறசர் கூடினவைக்கு தலை சுத்தத்தான் வேணுமெண்டில்லை, மேல் அளவு 170 இல நிக்கும், ஆள் வெங்காயத் தோட்டத்துக்கு தண்ணி மாறிக்கொண்டு நிப்பார்.

இஞ்ச இன்னொரு பிரச்சினை வெளிநாட்டு மருந்து. ஒரு ஐயா தன்ர ஷொப்பிங் பையை மேசையில கொட்டினார், கிளினிக்கில குடுத்த கடதாசி உறையள், அதுக்குள்ள உதிரிக் குளிசை, உறையில பேனையால எழுதினது பாதி அழிஞ்சுபோச்சு, அதோட மகள் கனடாவில இருந்து அனுப்பின லிப்பிற்றோர் போத்தல். லிப்பிற்றோரும் கிளினிக்கில குடுத்த அற்றோவஸ்ரற்றினும் ஒரே மருந்துதான், பேர் மட்டும் வேற. அவர் ரெண்டையும் ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு இருந்தவர், தொடையெல்லாம் நோகுதெண்டு எண்ணெய் வேற தேய்ச்சிருக்கிறார். அளவு கூடினா தசைநோ வரக்கூடிய மருந்து அது, அவரை உடன டொக்டரிட்ட அனுப்பினன். அன்பாத்தான் பிள்ளையள் அனுப்பினம், அதைக் கிளினிக்கில காட்டிப்போட்டு எடுங்கோ.

விரத காலத்திலயும் இப்பிடித்தான். கந்தசஷ்டி ஆறு நாளும், நல்லூர் கொடியேறினா 25 நாளும் சில அம்மாமார் சாப்பாட்டோட குளிசையையும் விட்டிடுவினம். விரதம் பிடிக்காதேங்கோ எண்டு நான் சொல்லன், என்ர அம்மாவும் பிடிக்கிறவ. முதலே டொக்டரிட்ட சொல்லி நேரத்தை மாத்தி எடுங்கோ. சீனி வருத்தக்காரர் கட்டாயம் கேளுங்கோ, சில சீனிக் குளிசையைப் போட்டிட்டு சாப்பிடாமல் இருந்தா சீனி ஒரேயடியா இறங்கி மயக்கம் வரும்.

அதுக்காக குளிசை போடுறன்தானே எண்டு இரவிரவா கொத்து சாப்பிடேலாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதுக்குள்ளதான் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மிக்சர் எல்லாம் அடங்கோணும். தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிள் உழக்கினது, இப்ப சந்திக்கடைக்கும் மோட்டச்சைக்கிள். கிழமைக்கு 150 நிமிசம், அதாவது அஞ்சு நாள் அரை மணித்தியாலம் வேகமா நடந்தாலே பெரிய காரியம். சிகரெட், சுருட்டு பத்துறவை விட்டா ஒரு வருசத்தில அதால கூடின ஹார்ட் வருத்த ஆபத்து பாதியளவுக்கு குறையும், எந்தக் குளிசையும் அந்த வேலையைச் செய்யாது.

ரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற அஸ்பிரினை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரெண்டு தொடங்காதேங்கோ, வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம். ஸ்ரென்ற் வைச்சு டொக்டர் தந்ததெண்டா பல்லுப் பிடுங்கவெண்டாலும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, ஸ்ரென்ற் அடைபடலாம்.

நெஞ்சு இறுகி, வேர்த்து, கை தாடைக்கு நோ ஏறினா ஓமத்தண்ணி குடிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுவாங்கலுமா வரலாம். 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும், காசில்லை, வாறவைக்கு காட்ட கிளினிக் கொப்பியைக் கையில எடுத்து வைச்சிருங்கோ.