மூன்று வருடமும் இரண்டு தெர்மாகோல் கப்பும்

கூட்டம் நடக்கும் அறையின் கடைசி வரிசையில், தொப்பி வைத்த பனியனுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் அது. யாரும் தன்னை அடையாளம் காணக் கூடாது, யாரும் தன்னைப் பேசச் சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். நைசாக வெளியேறப் பார்க்கும்போது ஒரு பெண் வழிமறித்து, "உங்கள் 'அதர்சைட்' பாட்டு இல்லையென்றால் நான் பிழைத்திருக்க மாட்டேன்" என்கிறாள். அவள் போதையை விட்டு 9 மாதம் ஆகிறது. அவருக்கோ 48 மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கை குலுக்கிப் பாராட்டிவிட்டு காருக்குப் போய்விடுகிறார்.

சியாட்டில் ராப்பர் மேக்கில்மோர் 2012-இல் வெளியிட்ட 'ஸ்டார்ட்டிங் ஓவர்' பாட்டில் வரும் காட்சி இது. சொந்தக் கதைதான். மூன்று வருடத்துக்கு மேல் காப்பாற்றி வந்த ஒழுங்கை இரண்டு தெர்மாகோல் கப்புக்காகத் தூக்கியெறிந்துவிட்டேன் என்று அதில் பாடுகிறார். கப்பில் இருந்தது இருமல் மருந்து. கோடீனும் புரோமெத்தசினும் சேர்ந்த சிரப்பைக் குளிர்பானத்தில் கலந்து குடிக்கும் 'லீன்' என்கிற போதை, டெக்சாஸின் ஹூஸ்டன் நகர ராப் இசையோடு சேர்ந்தே வளர்ந்தது. பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து இழுத்து ஒலிக்கவிடும் பாணியை உருவாக்கிய அந்த ஊர் டி.ஜே. ஸ்க்ரூ, 2000 நவம்பரில் இறந்தபோது அவர் உடலில் கோடீன் இருந்தது.

மூன்று வருடம் விட்டவர் ஏன் மறுபடி தொட்டார்? "மனசுல உறுதி இல்ல" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் தவறு என்பது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்று நினைக்கிறேன். மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் ஏனென்று புரியும்.

கோடீன் தன்னளவில் பலம் குறைந்த மருந்து. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதில் ஒரு சிறு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. வேலையைச் செய்வது அந்த மார்ஃபின்தான். இந்த நொதியின் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கோடீன் ஏறவே ஏறாது. சிலருக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கோடீன் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ஃபின் மூளைக்குப் போய், ஓபியாய்டுகள் என்கிற அபின் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் 'மியூ' ஏற்பிகளில் உட்காருகிறது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கப் பக்கத்திலேயே வேறு நரம்பணுக்களும் இருக்கின்றன. மார்ஃபின் அடக்குகிற அணுக்களை மௌனமாக்கிவிடுகிறது. பிரேக் எடுத்துவிட்ட வண்டிபோல டோபமைன் பாய்கிறது.

டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதன் முக்கியமான வேலை, கற்றுக்கொடுப்பது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமைன் அணுக்களைக் கவனித்தார். முதலில், எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அணுக்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒரு சமிக்ஞை வருவது பழகியபின், சமிக்ஞையைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. அதாவது மூளை, பரிசைவிடப் பரிசின் முன்னறிவிப்பைப் பிடித்துக்கொள்கிறது. சாறு எதிர்பார்த்தபடி கிடைத்ததும் டோபமைன் அடங்கிவிடும். போதைப்பொருளோ டோபமைனை நேரடியாகத் தூண்டுவதால் அந்த அடக்கம் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் "இதை நினைவில் வை" என்ற கட்டளை புதிதாகப் போகிறது.

இப்போது அந்த தெர்மாகோல் கப்பை நினைத்துப் பாருங்கள். லீன் குடிப்பவர்கள் கையில் இருப்பது அதுதான். அந்தக் கப், அந்த நிறம், இரவு நேர ஸ்டூடியோ, ஒரு குறிப்பிட்ட தாளம் எல்லாமே முன்னறிவிப்புகளாகப் பதிந்துவிடுகின்றன. மூன்று வருடத்தில் அந்தப் பதிவு அழிந்துவிடாது. அதற்கு மேல் புதிய பழக்கம் ஒன்று படிந்திருக்கும், அவ்வளவுதான். களைப்பும் மன அழுத்தமும் சேரும் ஒரு நாளில் பழைய பதிவு மேலே வந்துவிடும்.

சூழலுக்கு எவ்வளவு பலம் என்பதை வியட்நாம் போர் காட்டியது. அங்கிருந்த அமெரிக்க வீரர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்று சமூகவியலாளர் லீ ராபின்ஸ் கண்டறிந்தார். முகாம், நண்பர்கள், பயம், விலை எல்லாமே மாறிவிட்டிருந்தன. ஒரு ராப்பருக்கு இந்த வசதி கிடையாது. அவர் தொழில் செய்யும் இடமே பழைய சூழல்.

சறுக்கியபின் அவமானத்தில் ஒளிந்துகொள்வது ஏன் உயிருக்கே ஆபத்து என்று சொல்கிறேன். ஓபியாய்டுகள் மூச்சை நடத்தும் மூளைத்தண்டு அணுக்களையும் அடக்கும். தொடர்ந்து எடுப்பவரின் உடல் அதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் சரிந்துவிடும். ஆனால் கை பழைய அளவையே ஊற்றும். மேக்கில்மோரின் சொந்த மாநிலமான வாஷிங்டனில், சிறையிலிருந்து விடுதலையானவர்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு சொல்வது இது: வெளியே வந்த முதல் 2 வாரத்தில் அவர்கள் போதை மிகையால் இறக்கும் அபாயம், அங்குள்ள பொதுமக்களுடையதைவிட 129 மடங்கு.

இடம் மாறினாலும் தாங்குதிறன் குறையும். 1982-இல் ஷெப்பர்ட் சீகல் குழு எலிகளை ஹெராயினுக்குப் பழக்கியபின் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தது. வழக்கமான அறையில் 32 சதவீதம் செத்தன. அதே அளவைப் புது அறையில் கொடுத்தபோது 64 சதவீதம். பழகிய அறையைக் கண்டதும் உடல் முன்கூட்டியே எதிர்ப்புக்குத் தயாராகிறது; புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை.

மேக்கில்மோர் பிழைத்தார். பாட்டு வந்தபிறகும் சறுக்கியதுண்டு. கொரோனா காலத்துச் சறுக்கலைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்த நோயின் இயல்பு அப்படி. சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. சறுக்கிவிட்டேன் என்பதையும் அப்படிச் சொல்ல முடிய வேண்டும். சொன்னால்தான் மருந்து கிடைக்கும். பூப்ரெனார்ஃபின், மெத்தடோன் இரண்டும் அதே மியூ ஏற்பிகளில் நிதானமாக உட்கார்ந்து ஏக்கத்தைத் தணிக்கின்றன, சாவைக் குறைக்கின்றன. இந்தியாவில் போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

யாராவது மிகையாக எடுத்து மூச்சு திணறிக் கிடந்தால் அதற்கும் மருந்து உண்டு. நலாக்சோன், மார்ஃபினை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூக்கில் ஸ்பிரேயாக அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 2023 முதல் அமெரிக்காவில் இது டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதன் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், உடலில் ஓபியாய்டு மிச்சம் இருக்கலாம். அதனால் கண் திறந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.