எலக்ட்ரான் கிளம்பினா ஹோலோட ஸ்பின் பொழைச்சுக்கும்

சீசியம், ஈயம், புரோமின் மூணும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் (ஒரு வகை படிக அமைப்பு) குவான்டம் டாட், அதாவது குட்டியூண்டு குறைக்கடத்தித் துகள், சைஸ் சில நானோமீட்டர் தான். 2015ல சூரிச்ல கோவலென்கோ குழு கரைசல்லயே இதை செஞ்சு காட்டுனாங்க, யூவி லைட் அடிச்சா பாட்டில் முழுக்க பளீர்னு பச்சையா ஒளிரும். எல்லாரும் டிவி ஸ்கிரீன், சோலார் செல்னு பேசிட்டு இருந்தப்போ எனக்கு ரொம்ப பிடிச்சது இதுக்குள்ள நடக்கிற ஸ்பின் சமாச்சாரம். ஸ்பின்னா எலக்ட்ரான் மாதிரி துகளுக்கு இயல்பாவே இருக்கிற, குட்டி காந்தம் மாதிரியான ஒரு குணம்.

ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் மேல தாவும், அது விட்டுட்டு வந்த காலி இடம் தான் ஹோல். அடிக்கிற லேசர் வட்டமா சுழலுற ஒளியா இருந்தா, அது வலப்பக்கம் சுத்துதா இடப்பக்கம் சுத்துதாங்கிறத வச்சு ரெண்டோட ஸ்பின்னும் எந்தப் பக்கம்னு நாமளே முடிவு பண்ணலாம். ஈயம் கனமான அணு, அதுல ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு (எலக்ட்ரானோட ஓட்டமும் ஸ்பின்னும் ஒன்னையொன்னு பாதிக்கிறது) பலம், அதனால இந்த விதி இங்க ரொம்ப சுத்தமா வேலை செய்யுது.

ஆனா சிக்கல் என்னன்னா, அவ்ளோ சின்ன இடத்துல ரெண்டையும் அடைச்சு வச்சா ஒன்னோட ஸ்பின்ன இன்னொன்னு புரட்டிப் போட்டுடும், ரூம் டெம்பரேச்சர்ல சில பிகோசெகண்ட்லயே (ஒரு செகண்ட லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு தான் பிகோசெகண்ட்) எல்லாம் கலைஞ்சு போயிடும்.

இதுக்கு சீனாவுல தாலியன்ல வூ கைஃபெங் குழு ஒரு அழகான வழி கண்டுபிடிச்சாங்க. டாட்டோட மேற்பரப்புல ஆந்த்ராகுவினோன் மூலக்கூற ஒட்ட வச்சாங்க, அதுக்கு எலக்ட்ரான்னா அவ்ளோ இஷ்டம், ஒரு பிகோசெகண்டுக்குள்ளயே இழுத்துக்கும். ஸ்பின் கலையுறதுக்கு முன்னாடியே எலக்ட்ரான் வெளிய போயிடுறதால உள்ள ஹோல் மட்டும் தன்னோட ஸ்பின்னோட தனியா நிக்குது, தொந்தரவு பண்ண ஆள் இல்லாததால அந்த ஸ்பின் முன்னவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்குது. சோலார் செல்லுல கரண்ட் எடுக்க நாம பண்ற அதே மின்னூட்டப் பிரிப்பு தான், இங்க ஸ்பின்ன காப்பாத்துது பாருங்க!

இப்போ பக்கவாட்டுல காந்தப்புலம் வச்சா ஹோலோட ஸ்பின் பம்பரம் தலையாட்டுற மாதிரி சுத்தும். கொஞ்சம் கொஞ்சமா தாமதிச்சு இன்னொரு லேசர் பல்ஸ அனுப்பிப் பார்த்தா சிக்னல் ஏறி இறங்கி அலை அலையா தெரியும். இதுக்கு நடுவுல மூணாவதா ஒரு பல்ஸ், அதோட ஃபோட்டான் (ஒளித்துகள்) எனர்ஜி பேண்ட் கேப்பவிட, அதாவது எலக்ட்ரான் மேல தாவத் தேவையான குறைஞ்சபட்ச எனர்ஜியவிட, கம்மி, அதனால டாட் அதை உறிஞ்சாது, ஆனா அந்த பல்ஸ் இருக்கிற நேரம் மட்டும் ஒரு காந்தப்புலம் மாதிரி வேலை செஞ்சு ஸ்பின்ன திருப்பி விட்டுடும். திரவ ஹீலியம் எதுவும் வேணாம், சாதாரண அறை வெப்பநிலையிலயே இது நடக்குது.

இன்னும் தீராத பிரச்சனை சைஸ் தான். கரைசல்ல இருக்கிற டாட் எல்லாம் அச்சு அசல் ஒரே அளவுல இருக்காது, சைஸ் மாறுனா ஸ்பின் சுத்துற வேகமும் மாறும், அதனால காந்தப்புலத்த கூட்டக் கூட்ட ஒன்னுக்கொன்னு தாளம் தப்பி மொத்த சிக்னலும் சீக்கிரம் மங்கிடுது.