புல் கூரைக்கு வந்த 87,000 ஷில்லிங்

விக்டோரியா ஏரியை ஒட்டி, கென்யாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது சியாயா மாவட்டம். லுவோ மக்கள் வாழும் பகுதி. மழையை நம்பி மக்காச்சோளம் விதைப்பார்கள், அந்த மாவில் கிண்டிய உகாலி என்ற களிதான் அன்றாடச் சாப்பாடு. 2014க்கும் 2017க்கும் இடையே இங்கே 653 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், புல் வேய்ந்த கூரையின் கீழ் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 87,000 ஷில்லிங் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,000 டாலர். கடன் இல்லை, இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரு குடும்பம் ஓராண்டு முழுக்கச் செலவழிக்கும் தொகையில் அது முக்கால் பங்கு. மறுபாதிக் கிராமங்கள் அப்போதைக்கு ஒன்றும் பெறவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பணம் என்ன செய்தது என்பதைப் பிரித்தெடுக்க முடியும்.

எதற்காகக் கூரையைப் பார்த்தார்கள்? வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல முடியாது. விளைந்ததில் பாதி வீட்டுக்கே போய்விடும், கூலி ஒரு வாரம் இருக்கும், மறுவாரம் இருக்காது. கூரை மறைக்க முடியாத சாட்சி. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வீடு முதலில் செய்வது, புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுவதுதான். சுவாஹிலியில் தகரத்துக்கு மபாட்டி என்று பெயர்.

அந்தத் தகரம் ஆடம்பரம் இல்லை. வறுமை எப்படித் தன்னைத்தானே நீட்டித்துக்கொள்கிறது என்பதை அதில் பார்க்கலாம். புல் கூரை மக்கும், ஒழுகும், பூச்சி பிடிக்கும். ஆண்டுதோறும் புல் வாங்கி, வேய்பவருக்குக் கூலி கொடுத்து, ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தகரம் ஒருமுறை போட்டால் பல ஆண்டுகள் நிற்கும். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துக்கொள்ளவும் உதவும். பத்து ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் தகரமே மலிவு. ஆனால் அதன் விலையை ஒரே நாளில் எடுத்துவைக்க வேண்டும். அது முடியாதவர், சிறுகச் சிறுக அதைவிட அதிகமாகக் கொடுத்துத் தீர்க்கிறார்.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். மேற்குக் கென்யாவில் அறுவடை நேரத்து விலையைவிட, குதிர் காலியாகும் மாதங்களில் விலை 25 முதல் 40 சதவீதம் ஏறுவது வழக்கம், சில ஆண்டுகளில் அதற்கும் மேல். பள்ளிக் கட்டணத்துக்காக அறுவடையன்றே மலிவாக விற்றவர், சில மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார். அவருக்கு இது தெரியாமல் இல்லை. காத்திருக்கக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

சரி, பணம் வீடு வந்து சேருவது எப்படி? கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசாதான் வழி. சாதாரண பட்டன் போனில், குறுஞ்செய்தி போலப் பணம் வரும்; சந்தை முனையில் இருக்கும் ஏஜென்டிடம் போய் ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் கிராமக் கூட்டம் போட்டுத் திட்டத்தை விளக்குகிறார்கள். ஒரு குழு வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது. வேறொரு குழு தகுதியான வீடுகளைப் பதிவு செய்கிறது. மூன்றாவதாக இன்னொரு குழு வந்து, பதிவில் உள்ளவர் உண்மையிலேயே அந்த வீட்டில்தான் இருக்கிறாரா, யாராவது கமிஷன் கேட்டார்களா என்று சரிபார்க்கிறது. மூன்று குழுவிலும் ஒரே ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். கணக்கெடுப்பவரே பணத்தையும் முடிவு செய்தால், தகர வீட்டுக்காரர் பக்கத்துப் புல் குடிசைக்குக் குடிபோனதைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். போன் இல்லாதவருக்குப் போன் கொடுத்து, அதன் விலையை உதவித் தொகையில் கழித்துக்கொள்கிறார்கள்.

தொகை மூன்று தவணையாக வந்தது. முதலில் 7,000 ஷில்லிங். சிம் சரியான ஆளிடம் இருக்கிறதா, எடுக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கான முன்னோட்டம் அது. இரண்டு மாதம் கழித்து 40,000. அதிலிருந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு 40,000.

இந்தச் சங்கிலி அறுகிற இடங்களும் உண்டு. 2015இல் பக்கத்து மாவட்டமான ஹோமா பேயில் அணுகிய குடும்பங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை வாங்காமல் இவ்வளவு பணம் யார் கொடுப்பார், இது சாத்தானின் காசு என்று வதந்தி பரவியிருந்தது. அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கேட்காமல் வந்து கொடுத்தவர்கள் அதுவரை ஏதோ ஒன்றை எதிர்பார்த்தே கொடுத்திருந்தால், சந்தேகம்தான் அறிவு. கூட்டம் போட்டுப் பொறுமையாக விளக்குவதை வெறும் சம்பிரதாயமாக நினைத்துச் சுருக்கிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

காங்கோவில் நடந்தது இன்னும் மோசம். 2022இல் கிழக்குப் பகுதியில் அதே நிறுவனத்தின் பணத்தில் சுமார் 9 லட்சம் டாலர் திருடப்பட்டது. சண்டை நடக்கும் இடம், சிம் விற்கும் கடைகளுக்குப் போவது ஆபத்து என்பதால் களப் பணியாளர்களே சிம்மைப் பதிவு செய்யலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அந்தப் பணியாளர்களில் சிலர் மக்களிடம் ஒரு சிம்மைக் கொடுத்துவிட்டு, பணம் வேறு சிம்முக்குப் போகும்படி பதிந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனமே இதை வெளியிட்டது. குழுக்களைப் பிரித்துவைக்கும் விதி ஓர் இடத்தில் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்வி: குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா? சியாயாவின் ரரியேடா பகுதியில் இதற்கு முன்பே, 2011 வாக்கில் தொடங்கிய சோதனையில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. கணவர் பெயரில் கொடுத்தாலும் மனைவி பெயரில் கொடுத்தாலும் செலவு முறையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு வந்தது பணம் வரும் விதத்தில். மாதாமாதம் கொஞ்சமாகப் பெற்ற வீடுகளில் பட்டினி குறைந்தது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரம், மாடு என்று நின்று நிலைக்கும் பொருள்களை வாங்கினார்கள்.

பின்னர் 295 கிராமங்களில் நடந்த அடுத்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. ஒரு பிரிவுக்கு வயது வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 75 சென்ட் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுக்கு மாதத் தொகை. இன்னொரு பிரிவுக்கு அதே மாதத் தொகை, ஆனால் 12 ஆண்டுக்கு. மூன்றாவது பிரிவுக்கு இரண்டு ஆண்டுத் தொகை முழுவதும் ஒரே முறையில், சுமார் 500 டாலர். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மொத்தமாக வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுக்காரர்களைவிட அதிகமாகக் கடையும் தொழிலும் தொடங்கியிருந்தார்கள். 12 ஆண்டுக்காரர்களும் அப்படியே. இரண்டு ஆண்டுக்காரர், 12 ஆண்டுக்காரர் இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதத் தொகை என்பதைக் கவனியுங்கள். இன்னும் பத்து ஆண்டு வரும் என்று தெரிந்தவர்கள் சாமா போட்டார்கள். நம் ஊர் சீட்டுதான் அது: பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. மாதக் காசைத் தாங்களே மொத்தக் காசாக மாற்றிக்கொண்டார்கள். யாரும் வேலையை விட்டு உட்காரவில்லை. கூலிக்குப் போன நேரம் குறைந்து, சொந்தத் தொழிலில் போட்ட நேரம் கூடியது.

பொருளாதார அறிஞர்கள் பயந்தது விலைவாசிக்கு. ஒரு பகுதியின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 15 சதவீதத்துக்குச் சமமான பணத்தை ஒரேயடியாக இறக்கினால் சந்தையில் விலை எகிறாதா? சியாயாவில் சராசரி ஏற்றம் 0.1 சதவீத அளவில்தான் இருந்தது. காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு மாவு மில்லுக்குப் போனால் போதும். இயந்திரம் ஒன்று, ஓட்ட ஆள் ஒருவர். வாடிக்கையாளர் ஐந்து பேர் வந்தாலும் பதினைந்து பேர் வந்தாலும் இரண்டும் அங்கேதான் இருக்கும். பல மணி நேரம் இயந்திரம் ஓட்டுபவர் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார். போடா-போடா எனப்படும் பைக் டாக்சிக்காரரும் தையற்காரரும் அப்படித்தான். வாடிக்கையாளர் கூடினால் இவர்கள் காத்திருக்கும் நேரம் குறைகிறது. விலையைக் கூட்ட வேண்டியதில்லை.

அதனால் பணம் பெறாத தகரக் கூரை வீட்டுக்காரரும் பயனடைந்தார். அவர் கடையில் வியாபாரம் கூடியது, அவருக்குக் கூலி வேலை கூடுதலாகக் கிடைத்தது. அவருடைய வீட்டுச் செலவும் பெற்றவர்களைப் போலவே உயர்ந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் சுமார் 2.5 டாலர் அளவுக்குப் பொருளாதாரம் பெருகியது என்று 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இதே கிராமங்களின் பிறப்பு, இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வந்தது. பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 சதவீதம் குறைந்திருந்தது. தடுப்பூசித் திட்டமோ மருந்தோ யாரும் கொண்டுவரவில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்தை ஒட்டிய மாதங்களிலும் பெண்கள் வேலைக்குப் போவது ஏறக்குறைய பாதியானது. மண்வெட்டி பிடிக்காமல், தண்ணீர் சுமக்காமல் இருக்க அவர்களால் முடிந்தது. மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது 45 சதவீதம் கூடியது. வலி கண்ட நள்ளிரவில் போடா-போடாவுக்குக் கொடுக்கக் கையில் காசு இருந்தது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பணம் வந்த வீடுகளில்தான் இந்தப் பலன் தெளிவாக இருந்தது. மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையம் அருகில் இருந்த கிராமங்களில் குழந்தைகள் அதிகம் பிழைத்தன. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாத கிராமங்களில் அதே 40,000 ஷில்லிங்கால் அவ்வளவு குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை.