ஹாப் குறைந்தால் வேகம் கூடும் என்று யார் சொன்னது?

போன வாரமும் ஒரு போன். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி, சரிவில் வரிசையாக ஒன்பது குடில், ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு மெஷ் நோடு, அதாவது பக்கத்து நோடுகளுக்கு வைஃபையிலேயே தகவலைக் கடத்தும் பெட்டி; ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது ஒரு ஹாப். கடைசிக் குடிலில் வீடியோ கால் பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறதாம். போய்ப் பார்த்தால், நிறுவிய புண்ணியவான் கடைசி நோடை நேராக ஆபீஸ் நோடோடு கட்டி வைத்திருக்கிறார், நடுவில் சில்வர் ஓக் மரங்கள், சிக்னல் மைனஸ் 85 டி.பி.எம்., அதாவது ரொம்பப் பலவீனம். "ஒரே ஹாப் சார், அதான் ஃபாஸ்ட்" என்று எனக்கே பாடம். இந்த வருஷத்தில் இது நாலாவது.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். கேபிள் என்றால் ஹாப்பை எண்ணினால் போதும், ஏனென்றால் கேபிள் ஒன்று இருக்கும், இல்லை அறுந்திருக்கும். காற்றில் அரை உயிரோடு கிடக்கும் இணைப்புகள்தான் அதிகம். வைஃபையில் பேக்கட் (தகவல் துண்டு) போய்ச் சேர வேண்டும், சேர்ந்தது என்ற பதிலும் திரும்பி வர வேண்டும்; எது தவறினாலும் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். போக 50 சதவீதம், வர 50 சதவீதம் என்றால் ஒரு பேக்கட்டுக்குச் சராசரியாக 4 முறை. அதையே நடுக் குடில் வழியாக, போகவும் வரவும் 95 சதவீதம் சேருகிற இரண்டு ஹாப்பில் அனுப்பினால் மொத்தமே சுமார் 2.2 முறை. எது வேகம், நீங்களே சொல்லுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆட்கள் 2003லேயே ஈ.டி.எக்ஸ் என்று பெயர் வைத்து இதை எழுதிவிட்டார்கள்!

ஈ.டி.எக்ஸிலும் ஓட்டை உண்டு: பேக்கட் தொலைகிறதா என்று பார்க்குமே தவிர, எந்த வேகத்தில் போகிறது என்று பார்க்காது. வைஃபை மெஷ்ஷுக்கான 802.11எஸ் தரத்தில் வரும் ஏர்டைம் கணக்கு இரண்டையும் பார்க்கும். பேட்மேன் (மெஷ்ஷில் பாதை தேடும் மென்பொருள்) போடுபவர்கள் கவனியுங்கள், டீஃபால்ட்டாக வருவது நாலாவது அல்காரிதம், வேகத்தைக் கணக்கில் எடுப்பது ஐந்தாவது.

லேயர் 2 பிரிட்ஜா (எல்லா நோடும் சேர்ந்து ஒரே நெட்வொர்க்), லேயர் 3 ரூட்டிங்கா (ஐ.பி. முகவரி பார்த்து வழி தேடுவது) என்று கேட்பீர்கள். பத்துப் பதினைந்து நோடு, ஆட்கள் போனோடு நடமாடும் இடம் என்றால் பிரிட்ஜே போதும், ஐ.பி. மாறாது. ஆனால் பிரிண்டரைத் தேடுவது, டிவியைத் தேடுவது என்று ஒவ்வொரு போனும் போடும் பிராட்காஸ்ட் கூச்சல் எல்லா நோடுக்கும் போகும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அமைப்பை மாற்றாவிட்டால் பெரும்பாலும் 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில், காற்றை அடைத்துக்கொண்டு. ஜெர்மனியில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வைஃபை அமைப்பான ஃப்ரைஃபுங்கின் குழுக்கள் பல, நோடு நூற்றுக்கணக்கில் பெருகியதும் பேட்மேன் மெஷ்ஷைத் துண்டு துண்டாகப் பிரித்தது இதனால்தான். பெரிதாக வளரப்போகிறது என்று தெரிந்தால் முதலிலேயே பேபல் மாதிரி லேயர் 3 ரூட்டிங்குக்குப் போய்விடுங்கள்.

ஒரே ரேடியோவில் வாங்கவும் அனுப்பவும் செய்தால் ஹாப் கூடக் கூட வேகம் குறையும், இரண்டு ஹாப்பில் ஏறத்தாழப் பாதியாகும், அது நிஜம். அதற்கு ஹாப்பை வெட்டாதீர்கள், பேக்ஹாலுக்கு (நோடுகளுக்கு இடையிலான இணைப்புக்கு) தனி ரேடியோ, தனி சேனல் கொடுங்கள். பாதையைக் கையால் பூட்டுவதாக இருந்தால் மழை நாளிலும் ஒருமுறை அளந்துவிட்டுப் பூட்டுங்கள். அப்புறம், தயவுசெய்து சமையல்கட்டில் தொங்கும் உபரி கேபிளை இரண்டாவது நோடில் யாரும் சொருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லூப் தடுப்பு (தகவல் வட்டமடித்துச் சுற்றாமல் காப்பது) ஆன் ஆகாத பிரிட்ஜில் அப்படிச் சொருகினால் ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடக்கும், ஒன்பது குடிலும் படுத்துவிடும்.

ஏற்காட்டில் கடைசி நோடை ஐந்தாவது குடில் வழியாகத் திருப்பிவிட்டு 200 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை பேக்கட்) அடித்தேன். முன்பு 61 தொலைந்தது, இப்போது 2. பக்கத்தில் நின்ற ஓனர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ நடுவுல இன்னும் நாலு வெச்சா இன்னும் ஸ்பீடா வருமா சார்?"