விட்டுவைத்த மட்டி யாருக்கு?

கொள்ளிட முகத்துவாரத்திலும் முத்துப்பேட்டைக் காயலிலும் மட்டி (சேற்றில் புதைந்து வாழும் சிப்பி வகை) எடுப்பவர்களிடம், சிறியதை வளர விட்டுவையுங்கள் என்று மீன்வள விரிவாக்கப் பணியாளராகப் பேசும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "நாங்கள் விட்டுவைத்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட மாட்டார்களா?" என்பதுதான். அது முற்றிலும் நியாயமான கேள்வி. மட்டி விட்ட இடத்திலேயே கிடந்து வளரும்; ஆனால் வளர்ந்தது விட்டவருக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவரை எவரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஜார்ஜஸ் கடல் திட்டில், மீன்வளம் குன்றியதால் 1994 டிசம்பரில் பெரும்பரப்புகள் மூடப்பட்டன. விசிறிச் சிப்பிப் படகுகளும் உள்ளே செல்ல இயலாததால், சில ஆண்டுகளிலேயே அங்கே சிப்பி அடர்ந்து பெருகியது. அந்தப் படகுகளிலேயே ஆய்வாளர்கள் சென்று கணக்கெடுத்தனர். 1999இல் ஒரு பகுதி அளவோடு திறக்கப்பட்டது. இளஞ்சிப்பி மிகுந்த இடத்தை மூடிவைத்து, வளர்ந்தபின் திறக்கும் சுழற்சி ஏற்பாடு 2004இல் விதியாகவே ஆயிற்று. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய நம் மக்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆவதில்லை.

நமக்கு அருகிலேயே, கேரளத்தில், கொல்லம் அஷ்டமுடிக் காயல் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கத் தடை, வலைக்கண்ணுக்கு அளவு, மீனவர்களும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் ஏற்றுமதியாளர்களும் அமரும் குழு ஆகியவற்றோடு நடந்த அந்த மட்டித்தொழில், வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்குச் சான்றளிக்கும் சர்வதேச அமைப்பான மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழை 2014இல் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது. ஆயினும் அந்த மாதங்களை அப்படியே இங்கு பெயர்த்து வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நமக்கு வடகிழக்குப் பருவமழை. வெள்ளநீர் இறங்கி உப்பு குறைந்தால் மட்டி தானாகவே மடியும். எந்த மாதம் மூடுவது என்பதை, இடுப்பளவு நீரில் காலால் தடவி மட்டி எடுக்கும் பெண்களையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்புக் காளவாய்க்காக மட்டியின் ஓடுகளை எடைபோட்டு வாங்கும் இடத்தில் சிறியதும் காசாகிவிடுகிறது. சதைக்கு விலை கிடைக்கும் இடத்தில் சிறியதை வேகவைத்து உரிக்கும் கூலிகூடக் கட்டுவதில்லை. ஆகவே வியாபாரியையும் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு அழைத்து, பொடிமட்டி வாங்குவதில்லை என்று ஒப்புக்கொள்ளச் செய்வதே முதல் வேலை. அதன் பிறகு, எல்லா ஊர்களுக்கும் ஒரே கண்ணளவுள்ள சல்லடையும், அன்றன்று எடுத்த மட்டியைக் கூடைக் கணக்கில் எழுதும் பொது நோட்டும் வேண்டும். அந்த நோட்டு ஒரே ஊரில் தங்கிவிடாமல் ஆண்டுதோறும் கைமாற வேண்டும்.